நிமிஷத்துக்கு எட்டே முக்கால்

கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய காகிதத்தைச் சண்முகவடிவு அப்படியே கிழித்து எறிந்திருப்பாள். போஸ்ட்மாஸ்டர் கோட்டைச்சாமி எட்டி அதன்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டதால் அது தப்பித்தது.

"கிழிச்சா அதுக்குத் தனியா ஒரு மெமோ வரும்மா. பொறு," என்றார் அவர். ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருந்தது அவருக்கு. அந்த ஏழு மாதமும் யாரும் தும்மாமல் கழிந்தால் போதும் என்று இருப்பவர்.

காகிதத்தில் ரொம்ப ஒன்றும் இல்லை. தந்தி அனுப்புபவர் சண்முகவடிவு, வேலாயியேந்தல் தபால் ஆபீஸ். வேகம், நிமிஷத்துக்கு எட்டே முக்கால் சொல். இருக்க வேண்டிய வேகம், நிமிஷத்துக்குப் பதினெட்டு சொல். தந்தி வேலைக்குத் தகுதி இல்லை. மேற்படி நபரின் மந்தத்தால்தான் மார்ச் மாதம் திருச்சி மீரா சாகிபுவுக்குப் போன, அவர் தாயின் சாவுத் தந்தி காலதாமதம் ஆனது. இவ்வளவுதான். இதன் கீழே, ஆமாம் அப்படித்தான் என்று அவளே கையெழுத்துப் போட வேண்டுமாம்.

எழுதியவர் இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன். நேற்று காலையில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்ததும் பையிலிருந்து ஒரு ஸ்டாப் வாட்ச்சை எடுத்து மேஜையில் வைத்தார். நாள் முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் தந்திக் கருவியில் கையை வைக்கும்போது அதை அமுக்குவதும் கையை எடுக்கும்போது நிறுத்துவதுமாக இருந்தார். சாயங்காலம் அன்றைக்குப் போன தந்திப் படிவங்களை எல்லாம் அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் எழுதியிருந்த சொல் எண்ணிக்கையைக் கூட்டினார். நானூற்று இருபது சொல். வாட்ச் காட்டியது நாற்பத்தெட்டு நிமிஷம். வகுத்தார். எட்டே முக்கால் வந்தது. தலையை ஆட்டிக்கொண்டே எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

1972-ஆம் வருஷம், சித்திரை பிறந்து பத்து நாள். வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளந்து போட்டிருந்தது. ஆபீஸ் ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் மூளை உருகியது. ஆனால் சண்முகவடிவுக்கு வேர்த்தது வெயிலால் அல்ல. இந்த ஊரில் ஒரு மாதமாக அவளைப் பார்த்துப் பொம்பளைகள் குசுகுசுக்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்தால், "பெத்த தாய் மொகத்தப் பாக்கவிடாம பண்ணுன மகராசி" என்று யாரோ யாரிடமோ சொல்கிறார்கள். சொன்னவள் அங்கே நிற்கவும் மாட்டாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வீட்டில் அம்மா மூக்கம்மாள் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. சண்முகவடிவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. இப்போது அந்த வேலைக்கும் உலை வைக்கப் பார்க்கிறார் இந்த மனுஷன்.

"சார்," என்றாள். "ஒரு வார்த்தைன்னா எத்தன எழுத்து?"

சங்கரபாண்டியன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வார்த்தைன்னா வார்த்தைதான். இதுல என்னம்மா எத்தன எழுத்து?"

"எனக்கு மதுரையில பரீட்ச வச்சப்ப அப்பிடி இல்லையே சார். அஞ்சு எழுத்து சேந்தா ஒரு வார்த்தை. நிமிசத்துக்குப் பதினெட்டு வார்த்தைன்னா தொண்ணூறு எழுத்து. அந்தக் கணக்குலதான என்னையப் பாஸ் போட்டு இங்க அனுப்புனீங்க?"

"அது பரீட்சைக்கு. இது ஆபீசு. மூலையில என்ன எண்ணிக்கை போட்டுருக்கோ அதத்தான் நான் எடுக்க முடியும்."

சண்முகவடிவு எழுந்துபோய் நேற்றுப் போன படிவங்களில் மேலே இருந்ததை உருவிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டாள். பருத்திக் கமிஷன் கடைக்காரர் ஒருவர் கொடுத்தது. வேலாயியேந்தல் வட்டாரத்தில் தந்தி எழுதுவதே ஒரு தனிக் கலை. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவதால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு ஒட்டிவிடுவார்கள், அதை மூன்றாவதோடு ஒட்டுவார்கள். குறிப்பிட்ட நீளம் வரைக்கும் எத்தனை எழுத்து இருந்தாலும் ஆபீஸ் கணக்கில் அது ஒரே சொல். அந்த நீளத்தை ஒரு எழுத்துகூடத் தாண்டாமல் எழுதத் தெரிந்தவனுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. நரிக்குடியிலிருந்தும் ரெட்டியபட்டியிலிருந்தும்கூட அவனைத் தேடி வருவார்கள்.

"இதப் படிங்க சார். 'லோடுவந்துசேரல' இது ஒரு வார்த்த. 'உடனேபதில்போடு' இது ஒரு வார்த்த. இந்தப் பக்கம் பாருங்க, பேங்க்காரவுக அனுப்புனது. இங்கிலீசுல, மூணெழுத்து நாலெழுத்தா இருக்கு. அதுவும் ஒவ்வொண்ணு ஒரு வார்த்த. ரெண்டையும் நீங்க ஒரே கூடையில போட்டு எண்ணுறீங்க. காசு வாங்குறதுக்கு எண்ணுற வார்த்த வேற, கை வேகத்த அளக்குற வார்த்த வேற சார்!"

"சத்தம் போடாத," என்றார் கோட்டைச்சாமி மெதுவாக.

"போடுவேன் சார். எந்தப் படியால அளந்து வேல குடுத்தாகளோ அதே படியாலதான வேலயப் பிடுங்கவும் அளக்கணும்? வாங்கும்போது ஒரு படி, குடுக்கும்போது ஒரு படின்னு வச்சிருக்கிறவனுக்கு ஊர்ல என்ன பேரு?"

சங்கரபாண்டியனுக்கு முகம் கறுத்தது. அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. "ஊர் உலகம் எங்கயோ போயிக்கிட்டு இருக்கு. மதுரையில தட்டச்சு மிசினே தந்தி அனுப்புது. அதோட வேகம் அம்பது. நீ எட்டே முக்காலுக்கு வக்காலத்து வாங்குற."

"அம்பது என்னது சார்?"

"அம்பதுன்னா அம்பது."

"அம்பது வார்த்தையா, அம்பது எழுத்தா?"

சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அது வார்த்தையும் இல்ல, எழுத்தும் இல்ல சார். அம்பது 'பாடு'ங்கிற அளவு. ஒரு நொடிக்கு அம்பது துடிப்புன்னு அர்த்தம். அந்த மிசின்ல ஒரு எழுத்துக்கு ஏழரத் துடிப்பு வேணும். அப்ப நிமிசத்துக்கு நானூறு எழுத்து. எடைவெளிக்கு ஒண்ணு சேத்து வார்த்தைக்கு ஆறுன்னு வச்சா அறுபத்தாறு வார்த்த. நீங்க மிசினையும் கொறச்சு மதிக்கிறீங்க, என்னையும் கொறச்சு மதிக்கிறீங்க. எண்ணப் பாத்தீங்க, அது எதோட எண்ணுன்னு பாக்கல."

மதுரைப் பயிற்சியில் பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது கிண்டல் பண்ணிய பதினோரு பேரும் இன்றைக்கு எங்கெங்கோ நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவளை மட்டும் மூன்று வருஷமாகத் தற்காலிகம், தற்காலிகம் என்று வைத்துவிட்டு, இப்போது மந்தம் என்று எழுதுகிறார்கள்.

அவள் நேற்று ராத்திரியே எல்லாப் படிவத்தையும் எழுத்து எழுத்தாக எண்ணி வைத்திருந்தாள். அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். நாலாயிரத்து அறுநூற்று இருபது எழுத்து. ஐந்தால் வகுத்தால் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு சொல். அதே நாற்பத்தெட்டு நிமிஷம். பத்தொன்பதே கால்.

"எண்ணிப் பாருங்க சார். ஒரு எழுத்து கொறஞ்சாலும் நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

இன்ஸ்பெக்டர் எண்ண ஆரம்பித்தார். நிஜமாகவே எண்ணினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பென்சிலால் ஒவ்வொரு எழுத்தின் கீழும் புள்ளி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர் நான்காவது படிவத்தில் இருந்தபோது மீரா சாகிபு உள்ளே வந்தார்.

அவரை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். திருச்சியில் வத்தல் மண்டி வைத்திருப்பவர். சொந்த ஊர் இங்கிருந்து ஆறு மைல், நரிக்குடிப் பக்கம். அங்கே அவருடைய அண்ணன் மதார் சாகிபுவின் வீட்டில்தான் தாய் சைதுன் பீவி இருந்தார். மார்ச் மாதம் ஒரு நாள் விடியக்காலையில் தாய் மௌத்தானார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, நாலரை மணிக்கு அடக்கம் செய்துவிட்டார்கள். மீரா சாகிபு வந்து சேர்ந்தது ஆறரைக்கு. மண்ணைத்தான் பார்த்தார். மறுவாரம், தந்தியைத் தாமதமாக அனுப்பிய இந்த ஆபீஸ் மேல் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். இப்போது நாளைக்கு நடக்கும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்காக ஊருக்கு வந்திருந்தார்.

ஐம்பது வயது மனுஷர். நாற்காலியில் உட்காராமல் நின்றார். சண்முகவடிவை ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தப் புள்ளதானா?" என்று கோட்டைச்சாமியிடம் கேட்டார்.

"இந்தப் புள்ளதான் பாய்," என்றாள் அவளே. "என்னையவே கேளுங்க."

"என்னத்தக் கேக்க? எங்க அண்ணன் காலையில எட்டு மணிக்கு இங்க வந்து நின்னு தந்தி குடுத்துருக்காக. எனக்கு அது பன்னெண்டேகாலுக்குக் கெடைக்குது. எட்டரைக்குக் கெடச்சிருந்தா மூணு மணிக்கு எங்க உம்மா மொகத்தப் பாத்துருப்பேன். நாலு மணி நேரம் அந்தக் காகிதத்த மடியில வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுன? பூ கட்டுனியா?"

கோட்டைச்சாமி பதறிப்போய் எழுந்தார். சங்கரபாண்டியன் புள்ளி வைப்பதை நிறுத்தினார். இறந்தவளின் மகன் என்கிற இரக்கம் சண்முகவடிவுக்கு இல்லாமல் இல்லை. ஒரு மாதமாக இருந்தது. பூ கட்டுனியா என்று கேட்டதும் அது போய்விட்டது.

"அந்தத் தந்திய வச்சிருக்கீங்களா பாய்?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. நாற்பது நாளாக நெஞ்சோடு வைத்திருக்கிறார் போல. அவள் அதை வாங்கவில்லை. அவர் கையில் இருக்கும்போதே எட்டி விரலை வைத்தாள்.

"மொதல்ல இத அனுப்ப எனக்கு எவ்வளவு நேரமாச்சுன்னு பாருங்க. முகவரியோட சேத்துப் பதினாலு வார்த்த. சார் கணக்குப்படி நான் நிமிசத்துக்கு எட்டே முக்கால். பதினால எட்டே முக்காலால வகுங்க. ஒண்ணரை நிமிசம், அதுக்கு மேல ஆறு நொடி. என் கணக்குப்படி நூத்தம்பத்துநாலு எழுத்து, நிமிசத்துக்குத் தொண்ணூத்தாறு. வகுங்க. அதே ஒண்ணரை நிமிசம், ஆறு நொடி. எப்பிடி அளந்தாலும் அவ்வளவுதான் பாய். நான் இதவிட ரெண்டு மடங்கு வேகமா அடிச்சிருந்தாக்கூட உங்களுக்கு மிச்சமாகுறது நாப்பத்தெட்டு நொடி. நாப்பத்தெட்டு நொடியில உங்க உம்மா மொகத்தப் பாத்துருப்பீங்களா?"

மீரா சாகிபு திகைத்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சங்கரபாண்டியன் தன்னிச்சையாகப் பென்சிலால் மேஜையில் வகுத்துப் பார்த்தார். ஒன்றரையும் சொச்சமும்தான் வந்தது.

"அப்ப அந்த நாலு மணி நேரம்?" என்றார் சாகிபு.

"மேல இருக்குற நம்பரப் படிங்க."

"இது ஒங்க ஆபீசு நம்பருல்ல?"

"எங்க ஊர் பேரு, தேதி, அதுக்கடுத்துப் பதினொண்ணு நாப்பது. தந்தி எங்க கைக்கு வந்த நேரம் அது. ஒவ்வொரு தந்தியிலயும் மேல இருக்கும். திருச்சியில உங்களுக்கு எழுதிக் குடுத்தவுக அதையும் சேத்துத்தான் எழுதியிருக்காக. பதினொண்ணு நாப்பதுக்கு வாங்குனேன். லைன் கெடச்சு நாப்பத்தினாலுக்கு அனுப்பி முடிச்சேன். பன்னெண்டே காலுக்கு உங்க கையில இருக்கு. நாப்பது நாளா நெஞ்சுல வச்சிருக்கீங்க, இத ஒரு தடவ படிக்கலையே பாய்!"

அவர் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். உதடு அசைந்தது. பதினொன்று நாற்பது.

இங்கே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் போதும், அவள் வேலை நிலைத்துவிட்டது. கோட்டைச்சாமியும் கண்ணால் அதைத்தான் சொன்னார். ஆனால் மாதம் முழுக்க அடைத்து வைத்த கோபம் அவர் கண் காட்டினால் நிற்குமா?

"எட்டு மணிக்கு உங்க அண்ணன் இங்க வரவே இல்ல பாய். அன்னைக்கின்னு இல்ல, அந்த வாரமே வரல. கொண்டாந்து குடுத்தது பஸ் கண்டக்டர் நல்லமுத்து. உங்க ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான, தந்தின்னா எழுதி, காசோட கண்டக்டர் கையில குடுத்துர்றது? மொத ட்ரிப்பு ஏழேகாலுக்கு இந்த ஊரத் தாண்டிரும். எட்டு மணிக்குத்தான் நாங்க தொறப்போம். அவரு அருப்புக்கோட்டை போயிட்டுப் பதினொண்ணரைக்கு மேல திரும்பி வாரப்ப எறங்கிக் குடுத்துட்டுப் போவாரு. வெத நெல்லு வந்துச்சா, மாப்ள வீட்டுக்காரவுக வாராகளான்னு கேக்குற தந்திக்கெல்லாம் அது போதும். மையத்துத் தந்தியையும் அதே பையில போட்டு அனுப்புனா? வீட்டுல சைக்கிள் இல்லையா? ஆறு மைல மிதிச்சு வந்தா எட்டு மணிக்கு வாசல்ல நிக்கலாமே. ஆபீசு தொறக்கவும் அடிச்சிருப்பேனே!"

மதுரையிலிருந்து கருவி ஒருமுறை கூப்பிட்டு ஓய்ந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மீரா சாகிபு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "வந்து நின்னு குடுத்தேன்னு அண்ணன் சொன்னாக," என்றார். "அந்தப் புள்ள ஆடி அசைஞ்சு வாங்குச்சுன்னுகூடச் சொன்னாக."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தன் காகிதத்தை இழுத்து, எட்டே முக்காலை அடித்துவிட்டுப் பத்தொன்பதே கால் என்று எழுதினார். பக்கத்தில், ஐந்தெழுத்து ஒரு சொல்லாக என்று சின்னதாக எழுதினார். தகுதி இல்லை என்ற வரியில் கோடு போட்டார். மன்னிப்பு என்கிற சொல் மட்டும் எந்தக் கணக்கிலும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எழுத்தை எண்ணிய வரைக்கும் நேர்மையானவர், அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

சாகிபுவும் தன் புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கோட்டைச்சாமியிடம் நீட்டினார். பிறகு சண்முகவடிவைப் பார்த்துச் சொன்னார்.

"நீ மெதுவாவே அனுப்புனதா இருந்திருக்கலாம்மா."

"என்னது?"

"நாளைக்கு அண்ணன் பக்கத்துல உக்காந்துதான் ஓதணும். எப்பிடி உக்காருவேன்? ஒம்மேல கோவமா இருந்தப்ப எனக்குச் சோறு எறங்குச்சு."

சண்முகவடிவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "நல்லாருக்கு பாய். என் பொழப்புப் போனாலும் உங்களுக்குச் சோறு எறங்கணும், அதான?"

"ஆமா," என்றார் அவர். பொய் சொல்லவில்லை. "ஒன்னைய எனக்குத் தெரியாதுல்ல. தெரியாத ஒருத்திய வைய்யிறது சுளுவா இருந்துச்சு."

சொல்லிவிட்டு எழுந்து, வெயிலில் இறங்கிப் போனார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஊருக்குப் போக ஆபீஸை ஒட்டின மாதிரிதான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அவர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். அது அருப்புக்கோட்டைக்குப் போகிற பக்கம். அப்படியே மதுரை, திருச்சி என்று போய்விடுவார். நாளைக்கு ஃபாத்திஹாவில் ஒரு மகன் இருக்க மாட்டான். அண்ணன் கேட்டால் யாரோ ஏதோ சொல்வார்கள். இரண்டு பேரும் சாகிறவரை பேசிக்கொள்ள மாட்டார்கள். இதற்கும் ஒரு நாள் ஊர்க்குழாயில் அவள் தலைதான் உருளும்.

போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள். தார் காலைச் சுட்டது.

"பாய்! ஊருக்குப் போற பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் இங்க நிக்கிறீங்களா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நாலு பக்கம் எழுதுனீங்க பாய் என்னையப் பத்தி. நாலு பக்கம். ஒரு நாள் இந்த வாசலுக்கு வந்து, ஏண்டி லேட்டாச்சுன்னு ஒரு வார்த்த நேர்ல கேட்டீங்களா? கேட்டிருந்தா அன்னைக்கே அந்த நம்பரக் காட்டியிருப்பேன். எங்க அம்மா ரெண்டு நாளு பட்டினி கெடந்துருக்க மாட்டா. முதுகுக்குப் பின்னாடி எழுதிப் போட்டுட்டுப் போனீங்க. இப்ப அண்ணனுக்கும் அதையே பண்ணப் போறீங்களா?"

அவர் இன்னும் கையில் இருந்த தந்தியைப் பார்த்தார்.

"அவுகளுக்கும் அது உம்மாதான. கொழப்பத்துல புத்தி வேல செய்யல, அப்பறம் சொல்ல வெக்கம். பொய் சொன்னாக. தப்புத்தான், நான் இல்லேங்கல. போயி மொகத்துக்கு நேரா நின்னு வையிங்க. சட்டையப் பிடிங்க. அடிக்கக்கூடச் செய்யிங்க. எனக்குச் செஞ்ச மாதிரி மட்டும் செய்யாதீங்க."

தூரத்தில் திருச்சுழிப் பக்கமிருந்து புழுதி கிளம்பியது. ஊர்ப் பக்கம் போகிற பஸ். மீரா சாகிபு தந்திக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு ரோட்டைத் தாண்டி அவளோடு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"வையிறேன்," என்றார்.